செருப்பு மட்டும் நின்ற ஊர்

மேற்கு மலையிலிருந்து ஆடிக்காற்று இறங்கி, வீட்டு ஓடுகளைக் கலைத்து, கொடியில் காயும் சேலையை அடுத்த தெரு வேப்பமரத்தில் கொண்டுபோய் மாட்டிவிடும் எங்கள் கரட்டூரில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் டீக்கடை சங்கையா டீ ஆற்றிக்கொண்டிருக்கும்போதே இல்லாமல் போனார். மேலே தூக்கிய குவளையிலிருந்து நூல்பிடித்தாற்போல் இறங்கிக்கொண்டிருந்த டீ, பிடிக்கக் கையில்லாமல் தரையில் கொட்டியது. குவளைகள் இரண்டும் உருண்டன. சங்கையாவின் ரப்பர் செருப்பு மட்டும் பாய்லருக்கு முன்னால் ஜோடியாக நின்றது. பெஞ்சில் இருந்தவர்கள் கொஞ்ச நேரம் செருப்பைப் பார்த்தார்கள், பிறகு பேப்பரைப் பார்த்தார்கள். சட்டியில் வடை கருகத் தொடங்கி அந்த வாசம் கடையெங்கும் பரவியதும் சங்கையா அதே செருப்புக்குள் வந்து நின்றார்.

"வடையக் கருக விட்டுட்டு என்னத்தடா பாத்துக்கிட்டு இருக்கீக?" என்றார்.

எங்கே போயிருந்தீர் என்று கேட்டதற்கு, "எங்கயும் போகலையே. மகளுக்குப் பாத்த மாப்பிள்ளை வீட்டுல என்ன சொல்லப் போறாகளோன்னு ஒரு நினைப்பு ஓடுச்சு, அம்புட்டுத்தேன்" என்றார்.

அன்று பொழுது சாய்வதற்குள் ஊருக்கே விளங்கிவிட்டது. உடம்பு ஓரிடத்திலும் நினைப்பு வேறோரிடத்திலும் இருக்கிற வசதி கரட்டூர்க்காரர்களுக்கு இனிமேல் கிடையாது. கண்ணிமைக்கிற நேரத்து நினைப்புக்கு ஒன்றும் ஆகாது. உள்ளே போய்க் காலை நீட்டி உட்கார்ந்துகொள்கிற நினைப்பாக இருந்தால், அது பழைய நாளுக்குப் போனாலும் வராத நாளுக்குப் போனாலும், உடுத்திய துணியோடு உடம்பும் கூடவே போய்விடும். செருப்பு நிற்கும். கையில் இருப்பது கீழே விழும். ஒரு சத்தமோ ஒரு வாசமோ நெற்றியில் ஒரு சொட்டு மழையோ போனவரைத் தேடிப் பிடித்துத் திரும்பக் கொண்டுவந்து செருப்புக்குள் நிறுத்தும்.

முதல் மாதம் பாத்திரம் உடைந்த மாதம். செல்போன்கள் விழுந்து நொறுங்கியதில், பஜாரில் ரிப்பேர் கடை வைத்திருந்தவன் பக்கத்துக் கடையையும் சேர்த்துப் பிடித்தான். மதுரையிலிருந்து டாக்டர்கள் வந்து எல்லோருடைய நாக்கையும் நீட்டச் சொல்லிப் பார்த்தார்கள். அவர்களில் மூத்தவர் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஊருக்குத் திரும்பும் வண்டியை நினைத்து மறைந்து, பாலிஷ் போட்ட ஷூவாக மட்டும் நின்றதோடு அந்த ஆராய்ச்சி முடிந்தது. அதன்பிறகு யாரும் காரணம் தேடவில்லை. ஏன் என்று யோசிக்கப் போனவர்களும் செருப்பாகத்தான் நின்றார்கள்.

ஆகவே ஊர் பழகிக்கொண்டது. சலூன் வேலுச்சாமி சவரக்கத்தியை எடுக்குமுன் ஒரு பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டார். ஏலக்காய் தரம் பிரிக்கும் கூடத்தில் பெண்கள் ஆளுக்கொரு காயை நசுக்கி மூக்கருகே வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். கோயிலில்தான் அதிகம் பேர் மறைந்தார்கள் என்பதால், பூசாரி தீபாராதனையின்போது மணியை நிறுத்தாமல் அடித்தார். மணி ஓய்ந்தால் சாமிக்கு முன்னால் ஆளே இருக்காது. கல்யாண வீடுகளில் தாலி கட்டும் நேரத்துக்கு மேளக்காரர்கள் மாப்பிள்ளையின் காதோரம் வந்து நின்று கொட்டினார்கள். தேர்தல் கூட்டத்தில் பேச வந்த ஒருவர், கண்ணை மூடி உருக்கமாகப் பேசிவிட்டுத் திறந்தபோது, மைதானம் நிறையச் செருப்புகள் அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தன. புருசன் பெண்டாட்டிச் சண்டையும் புதுவிதமாகிவிட்டது. "சோறு போட்டுக்கிட்டு இருக்கேன், முன்னாலயே மறையிற. யாரய்யா நினைச்ச?" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

நாய்கள் மறையவில்லை. ஆடுகள் மறையவில்லை. தவழ்கிற பிள்ளை ஒன்றுகூட மறையவில்லை.

வண்டி ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் ஊர் கூடி ஒரு முறை வைத்தது. வாயில் உப்பில் ஊறிய நெல்லிக்காய் எப்போதும் இருக்க வேண்டும், பக்கத்தில் ஒரு கூப்பிடு ஆள் உட்கார்ந்து, "இந்தா பள்ளம் வருது, அந்தா ஆடு நிக்குது, காத்துல மாம்பூ வாசம் அடிக்கிது பாத்தியா" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே வர வேண்டும். அப்படித்தான் பவுன்ராஜ் தன் மினி பஸ்ஸைக் கரட்டூருக்கும் மலைக்குமாக ஓட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குக் கூப்பிடு ஆள் அவனுடைய சித்தப்பா மூக்கையா.

பவுன்ராஜின் மனைவி போதுமணி. வரிசையாகப் பெண்ணாகப் பிறந்த வீட்டில் கடைசியாகவும் பெண்ணாகப் பிறந்ததால், இது போதும் என்று சாமிக்குச் சொல்லும்விதமாக வைத்த பெயர். ஊரிலேயே அதிகம் மறைந்தவள் அவள்தான். அவளுடைய முதல் பிள்ளை ஒரு மாசிமாதக் காய்ச்சலில் கண் திறக்காமலே போய்விட்டது. ஊருக்கு இது நேர்ந்த புதிதில் அவள் அந்தப் பிள்ளை இருந்த நாட்களுக்குத்தான் போவாள். அரிசி களையும்போது போவாள், முறத்திலிருந்து கல்லைப் பொறுக்கும்போது போவாள், பொங்கி வழியும் பாலின் சத்தத்தில் திரும்பி வருவாள். அதை யாரும் குறை சொல்லவில்லை. அவளைப் போலப் போய்வரும் வீடுகள் தெருவுக்குத் தெரு இருந்தன.

அடுத்ததாக ஒரு பெண்பிள்ளை பிறந்தது. கருகருவென்று முடியும், பிடித்தால் விடாத கையுமாக வந்த அந்தப் பாப்பாவைப் பார்த்ததும், போதுமணி பழைய நாட்களை விட்டுவிட்டு வராத நாட்களுக்குப் போகத் தொடங்கினாள். பிள்ளை தும்மினால் காய்ச்சலுக்குப் போனாள். தெருவில் லாரி போனால் அந்தப் பிள்ளை நடக்கப்போகும் காலத்துக்குப் போய் லாரிக்கு முன்னால் நின்றாள். கிணறு, பாம்பு, மஞ்சள்காமாலை, மலை மேலிருந்து உருளும் பாறை, மலைப்பாதைப் பள்ளம் என்று அவள் போகாத இடம் இல்லை. ஒருநாள் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டாள். மடி இல்லாமல் போனதும் பிள்ளை, துவைக்கப் போட்டிருந்த துணிக் குவியலில் விழுந்தது. அடி ஒன்றும் இல்லை. ஆனால் அலறல் தெருமுனை வரை கேட்டது.

அடுத்த தெருவிலிருந்து பவுன்ராஜின் அக்கா ஒச்சம்மா வந்தாள். ஏலக்காய்க் கூடத்துக்கு மேஸ்திரி. காலை ஊன்றி நின்றால் ஊரே அவளைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். கரட்டூரில் ஒருமுறைகூட மறையாத பெரிய மனுசி அவள் ஒருத்திதான்.

"பிள்ளைய எங்கிட்டக் குடு" என்றாள். "பசிச்சா கூப்புடுறேன். வந்து தரையில படுத்துக்கிட்டுப் பால் குடுத்துட்டுப் போ. மடியில மட்டும் தூக்காத."

"எம்பிள்ள மதினி" என்றாள் போதுமணி.

"உம்பிள்ளதேன். நான் இல்லேங்கலயே. அது பக்கத்துல நீ இருக்கியா? அதச் சொல்லு."

போதுமணி புருசனைப் பார்த்தாள். அவன் பஸ் சாவியை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே சுவரைப் பார்த்தான்.

"கொஞ்ச நாளைக்கு அக்கா வச்சிருக்கட்டும்" என்றான்.

அப்படித்தான் பெற்றவள் ஒரு தெருவிலும் பிள்ளை ஒரு தெருவிலுமாக ஆனார்கள். கூப்பிட்ட போதெல்லாம் போதுமணி ஓடிப்போய், ஒச்சம்மா வீட்டுக் கோரைப்பாயில் ஒருக்களித்துப் படுத்துப் பால் கொடுத்தாள். கொடுக்கும்போதே மறைந்தாள், பிள்ளை வீரிட்டதும் வந்தாள், வந்ததும் ஒச்சம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ஒச்சம்மா பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டுத் திரும்பிக்கொள்வாள். அதுதான் போதுமணியைக் கொன்றது.

ஐப்பசியில் ஒரு மத்தியானம், அடைமழை கொஞ்சம் வெறித்து வெயில் தலைகாட்டிய நேரத்தில், போதுமணி வழக்கம்போல் எதிர்காலத்து ஆஸ்பத்திரி ஒன்றின் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தபோது, சுரீரென்று மூக்கில் வலித்தது. வந்து பார்த்தால் பிள்ளை அவளுடைய மூக்குத்தியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. இழுத்த கையை விட்டுவிட்டுப் பிள்ளை சுவரைப் பார்த்தது. உடைந்த ஓட்டின் வழியே விழுந்த வெயில் வட்டம் சுவரில் ஆடிக்கொண்டிருந்தது. பிள்ளை அதைக் கண்ணால் மட்டும் பார்க்கவில்லை. கால் கட்டைவிரல் உட்பட உடம்பு மொத்தமும் அந்த வெயிலைப் பார்த்தது. வாயோரம் பால் வழிந்தது. அந்தப் பார்வையில் வேறு எதற்கும் இடமில்லாததைப் போதுமணி பார்த்தாள். கொஞ்ச நேரம் அவளும் அந்த வட்டத்தைப் பார்த்தாள். அது ஓரத்தில் மஞ்சளாகவும் நடுவில் வெள்ளையாகவும் இருந்தது. மேகம் மூடியதும் போனது, விலகியதும் வந்தது. அத்தனை நேரமும் அவளும் அங்கேயே இருந்தாள்.

மறுநாளிலிருந்து அவள் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

"இது பாயி. கோரை முழங்கையில குத்துது. இது உங்காது. வெதுவெதுன்னு இருக்கு. இது பால் வாசம். வெளிய மாட்டு மணி கேக்குது. எந்நாக்குல வெத்தலக் காரம் இன்னும் இருக்கு."

காய்ச்சல் நினைப்பு வராமல் இல்லை. வந்து வாசலில் நின்று கூப்பிட்டது. உடம்பு இலவம்பஞ்சாக லேசாகும். போகப் போகிறோம் என்பது அவளுக்கு அதிலேயே தெரிந்துவிடும், ஏனென்றால் அத்தனை தடவை போனவள். அப்போது உள்ளங்கையைத் தரையில் அழுத்துவாள். "சிமிட்டித் தரை. குளுந்து கெடக்கு. சொரசொரன்னு இருக்கு" என்பாள். பல நாள் தரையை மீறிக்கொண்டு போகத்தான் போனாள். சில நாள் தரை அவளைப் பிடித்துவைத்துக்கொண்டது. மார்கழி போய்த் தை பிறந்தபோது, பிள்ளை வயிறு நிறைந்து தூங்குகிறவரை அவள் எங்கும் போகாமல் இருந்த நாட்களே அதிகமாயின.

அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள். பாய்க்கும் தரைக்கும் பெயர் சொல்லிக்கொண்டு கிடக்கிறாள், மூளை குழம்பிவிட்டது என்றார்கள். போதுமணி புருசனிடம், "இப்பல்லாம் நான் போறதில்லங்க. பிள்ளையத் தூக்கிக்கிட்டு வாங்க" என்று சொல்லிப் பார்த்தாள். அவன் அவளை நம்பவும் இல்லை, நம்பவில்லை என்று சொல்லவும் இல்லை.

"மொட்டை போட்டு முடியட்டும்" என்றான்.

பங்குனியில், மலைமேல் இருக்கும் சோலைக்கருப்பு கோயிலுக்கு, பிள்ளைக்கு மொட்டை எடுக்கச் சொந்தபந்தமெல்லாம் பவுன்ராஜின் மினி பஸ்ஸில் கிளம்பினோம். தாய்மாமன் முறையுள்ள ஒருவன் மடியில் வைத்துப் பிள்ளைக்கு முடி இறக்கி, அரைத்த சந்தனத்தை அள்ளித் தலை முழுக்க அப்பினார்கள். பிள்ளை அம்மாவைத் தேடி அழுதது. போதுமணி தள்ளி, ஆலமர வேருக்கு அந்தப் பக்கம், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். யாரும் அவளை அங்கே நிற்கச் சொல்லவில்லை. இங்கே வா என்றும் யாரும் சொல்லவில்லை. ஒச்சம்மா பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். இதைப் பவுன்ராஜ் பொங்கல் பானைக்குப் பக்கத்திலிருந்து பார்த்தான்.

கிடா வெட்டிச் சாப்பிட்டு, வெயில் தாழ்வதற்குள் வண்டி மலையிறங்கியது. கறிச்சோறு மூக்கையாவின் கண்ணை இழுத்தது. "இந்தா வளைவு வருது... அந்தா..." என்றவர் அப்படியே கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிப்போனார். பவுன்ராஜின் வாயில் நெல்லிக்காய் கரைந்து கொட்டையும் போய்விட்டது. வண்டி பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அவன் கண்ணுக்கு முன்னால் சாலை இருந்தது. ஆனால் அவன் ஆலமர வேரைப் பார்த்துக்கொண்டிருந்தான், பின்னால் கட்டிய இரண்டு கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொண்டை ஊசி வளைவு ஒன்றுக்கு முன்னால், டிரைவர் சீட்டில் அவன் இல்லாமல் போனான்.

முதலில் பார்த்தவர் சங்கையா. "டிரைவரக் காணாம்டோய்!" என்று கத்தினார். ஆழமாகப் போயிருந்த பவுன்ராஜை அந்தச் சத்தம் எட்டுவதற்குள் கத்தியவரே இல்லை. பள்ளத்தைப் பார்த்தவர்களுடைய நினைப்பெல்லாம் ஒரே பாய்ச்சலில் பள்ளத்துக்கு அடியில் போய் விழுந்துவிட்டது. நினைப்பு போன பிறகு உடம்பு எப்படி நிற்கும்? மூக்கையா விழித்தார், பார்த்தார், மறைந்தார். தாய்மாமன் மறைந்தான். மேளக்காரர்கள் மறைந்தார்கள், மேளம் உருண்டது. நானும் மறைந்தேன். இதற்கு மேல் நடந்ததைப் பிற்பாடு போதுமணி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

ஒச்சம்மா கடைசிவரை இருந்தாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள், தோளில் தூங்கும் பிள்ளையைப் பார்த்தாள், திரும்ப வெளியே பார்த்தாள். அவ்வளவுதான். பிள்ளை அந்தரத்திலிருந்து விழுந்தது.

எதிர்சீட்டிலிருந்து போதுமணி இரண்டு கைகளையும் நீட்டி அதைப் பிடித்தாள்.

மாதக்கணக்கில் பாயில் கிடத்தி மட்டுமே தொட்ட பிள்ளையின் கனம் கையில் இறங்கியது. பள்ளம் அவளையும் கூப்பிட்டது. உடம்பு பஞ்சாவது தெரிந்தது. அந்தப் பள்ளத்தின் அடிக்கு அவள் முன்பே பலமுறை போய்வந்திருந்தாள். அங்கே என்ன கிடக்கிறது என்று அவளுக்குத் தெரியும், அங்கே செய்வதற்கு ஒன்றுமே இல்லை என்பதும் தெரியும். குனிந்து பிள்ளையின் மொட்டைத் தலையில் மூக்கை வைத்து அழுத்தினாள்.

"சந்தனம்" என்றாள். "குளுகுளுன்னு இருக்கு."

கை மறுபடி கையானது. முந்தானையால் பிள்ளையை மாரோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஆடும் வண்டியில், ஆளில்லாத சீட்டுகளுக்கு நடுவே நடந்தாள். "இது கம்பி. எண்ணெப் பிசுக்கு. இது மேளம், காலுல இடிக்கிது. இது காத்து. தைலமர வாசம்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே நடந்தாள். டிரைவர் சீட்டை அடைந்தபோது, மிதிகட்டைகளின் மேல் பவுன்ராஜின் செருப்பு இருந்தது. அதை வெறுங்காலால் ஓரம் தள்ளினாள்.

"இது அவுக செருப்பு. இன்னும் சூடா இருக்கு."

அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கல்யாணமான புதிதில் இஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவன் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டே போய்வந்தவள் என்பதால், நிறுத்தும்போதெல்லாம் அவன் எதை மிதிப்பான், எதை இழுப்பான் என்பது மட்டும் தெரியும். ஸ்டியரிங்கை மலைப்பக்கமாக வளைத்தாள். அது எருமைக் கழுத்தாக முரண்டியது. நெஞ்சை அதன்மேல் சாய்க்க முடியாது, நெஞ்சில் பிள்ளை இருந்தது. தோளால் தள்ளினாள், காலால் மிதித்தாள், கைப்பிரேக்கை இழுத்தாள். ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. தகரம் பாறையில் உரசிக் கிறீச்சிட்டது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, மூக்கை மலையில் முட்டிக்கொண்டு நின்றது.

கொஞ்ச நேரம் இஞ்சின் கொதிக்கும் சத்தம் மட்டும் இருந்தது. பிறகு பிள்ளை விழித்து, வாயைப் பிளந்து, மலை எதிரொலிக்க அலறியது.

அந்த அலறல்தான் எங்களை இழுத்து வந்தது. ஒருவர் பின் ஒருவராக அவரவர் சீட்டில் வந்து உட்கார்ந்தோம். சாகவில்லை என்பது புரிவதற்கே நேரமானது. சங்கையா தன் முழங்காலைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டார். ஒச்சம்மா வந்ததும் முதலில் தன் வெறுந்தோளைத் தொட்டாள். அவள் முகம் அப்படிக் கோணியதை நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. எழுந்து முன்னால் போனாள். டிரைவர் சீட்டில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த போதுமணியின் முன்னால் நின்றாள்.

"மதினி, பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகல" என்றாள் போதுமணி.

ஒச்சம்மா பிள்ளையை வாங்கக் கையை நீட்டவில்லை. முந்தானை முடிச்சு தளர்ந்திருந்ததைப் பார்த்து, அதை அவிழ்த்து, இன்னும் கெட்டியாகப் போட்டுவிட்டாள்.

"நீயே வச்சுக்க ஆத்தா" என்றாள்.

எல்லோருக்கும் கடைசியாகப் பவுன்ராஜ் வந்தான். இஞ்சினுக்குப் பக்கத்தில் தள்ளிக் கிடந்த செருப்புக்குள் வந்து நின்று, பாறையைப் பார்த்தான், ஸ்டியரிங்கைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான்.

"எங்க போனீங்க?" என்று கேட்டாள் போதுமணி. கோபமாகக் கேட்கவில்லை. சாப்பாட்டுக்கு நேரங்கழித்து வந்தவனைக் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

"ஒன்னையத்தேன்..." என்றான். "கோயில்ல தள்ளி நின்னியே. கையப் பின்னால கட்டிக்கிட்டு. அதயே நினைச்சுக்கிட்டு வந்தேன். ஒன்னைய நினைச்சுத்தேன் போயிட்டேன்."

"நான் இங்கதான இருந்தேன்" என்றாள் அவள். "உங்களுக்குப் பின்னால, இதே வண்டியில."

போதுமணி அவன் கையை எடுத்துப் பிள்ளையின் தலைமேல் வைத்தாள். சந்தனம் அவன் உள்ளங்கையில் ஒட்டியது.

பிள்ளை பசிக்கு அழுதது. போதுமணி இறங்கி, சாலையோரச் சிறுபாலத்தின் கட்டைச்சுவரில் நிமிர்ந்து உட்கார்ந்து, அதை மடியில் வாங்கிக்கொண்டாள். தரையில் படு என்று யாரும் சொல்லவில்லை. ஆண்கள் முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டார்கள். கீழே கரட்டூரின் ஓட்டுக் கூரைகள் வெயிலில் கிடந்தன. காற்று விழுந்திருந்தது. பிள்ளை பால் குடிக்கிற சத்தம், மடக் மடக்கென்று, எங்கள் எல்லோருக்கும் கேட்டது.